ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது?

(மாவட்டத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். சேமித்து வைத்தாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.)



ஐடி விங் வகுப்பு என்றதும் போஸ்டர் டிசைன், ரீல்ஸ் எடிட்டிங், ஹேஷ்டேக் டிரெண்டிங் இதெல்லாம் சொல்லித் தருவாங்க என்று எதிர்பார்த்து வந்திருப்பீங்க. அது மதியம் இருக்கு. எனக்குக் கொடுத்த தலைப்பு தொழில்நுட்பமும் பாதுகாப்பும். "இது நமக்கு எதுக்கு தம்பி, நாம என்ன ராணுவ ரகசியமா வெச்சிருக்கோம்?" என்று டீ குடிக்கும்போதே ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சே.

முதலில் ஒரு உலக அரசியல் செய்தி. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீதான புதிய பொருளாதாரத் தடைகளை அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஒரு இந்திய நிறுவனமும் இருந்தது. குஜராத்தில் வாடினார் என்ற ஊரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜி. ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் உள்ள ஆலை அது. ரஷ்யாவின் ராஸ்நெப்ட் நிறுவனத்துக்கு அதில் கிட்டத்தட்ட பாதிப் பங்கு இருப்பதுதான் காரணம்.

சில நாட்களில் மைக்ரோசாப்ட் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்து வந்த சேவைகளை நிறுத்திவிட்டது. ஆலை இருப்பது இந்தியாவில், வேலை செய்வது இந்தியர்கள், சேவைக்குப் பணமும் கட்டியிருக்கிறார்கள். ஒருதலைப்பட்சமான தடைகளை ஏற்க மாட்டோம் என்று இந்திய அரசும் சொல்லியிருந்தது. ஆனாலும் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போச்சு. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகு சில நாட்களில் சேவை திரும்பக் கிடைத்தது.

நயாரா மேல் எனக்குப் பாசம் எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். இவ்வளவு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் மின்னஞ்சலை வேறொரு கண்டத்தில் எடுத்த முடிவு ஒன்று அணைத்துவிடும் என்றால், நம் கிளையின் வாட்ஸ்அப் குழு எந்த மூலைக்கு?

அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னாடி, 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. அதில் ஒரு பிழை. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தாங்க, படம் பார்த்திருப்பீங்க. எந்த ஹேக்கரும் இல்லை, எந்த எதிரி நாடும் இல்லை. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டே கதவைத் திறக்கவிடாமல் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போ நம் கட்சியைப் பாருங்க. அறிவிப்பு வாட்ஸ்அப்பில். கூட்டம் நேரலை யூடியூப்பில். பக்கம் பேஸ்புக்கில். பூத் கமிட்டிப் பட்டியல் கூகுள் டிரைவில். இதில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. ஒரு பக்கத்தைக் கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தே முடக்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நான் கேட்பது: ஒவ்வொரு கிளையிலும் உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் ஒரு நோட்டில் எழுதி இருக்கட்டும். பழைய கிளைச் செயலாளர்கள் வைத்திருந்தாங்களே, அதே நீள நோட்டு. அதைப் பார்த்து சிரிச்ச ஆட்கள்தான் நாம. நெட் இல்லாத அன்றைக்கு அந்த நோட்டுதான் கட்சி.

"நெட் இல்லாத நாள் எங்கே தம்பி வரப்போகுது?" என்றால், வந்திருக்கு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தாங்க. அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என மூன்று மாவட்டங்களில் இணையத்தை அன்றைய மாநில அரசு துண்டித்தது. சமூக வலைதளங்களில் வதந்தி பரவுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்த நாட்களில் அந்த ஊர் மக்களுக்குத் தேவைப்பட்டது என்ன? ஆஸ்பத்திரியில் யார் இருக்கா, யாருக்கு ரத்தம் வேணும், யாரைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு, எந்தத் தெருவில் போகலாம். சுட்டது யார், எங்கிருந்து சுட்டாங்க என்று வீடியோ எடுத்தவர்கள் அதை வெளியே அனுப்பவும் வழி இல்லாமல் போச்சு.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கதை. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வர இருந்த நேரத்தில், பேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாவற்றையும் கோத்தபய ராஜபக்ச அரசு முடக்கியது. இதில் ஒரு கூத்து, அதே அரசில் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, இந்தத் தடையால் ஒரு பயனும் இல்லை, நானே விபிஎன் போட்டுத்தான் வந்திருக்கிறேன் என்கிற மாதிரி ட்விட்டரிலேயே பதிவு போட்டார். அன்றைக்கே தடையை எடுத்துவிட்டாங்க. மக்கள் நிற்கவில்லை. ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே போனார்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஐடி விங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்கணும். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காலவரையறை இல்லாமல் இணையத்தை முடக்க முடியாது, முடக்கும் உத்தரவை வெளியிடணும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இனிமேல் நம் மாவட்டத்தில் நெட் போனால், "ஐயோ நெட் போச்சே" என்று ஸ்டேட்டஸ் போடக்கூட வழி இருக்காது. ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து போய், "உத்தரவு நகல் எங்கே?" என்று கேட்கலாம். கேட்கணும்.

அடுத்தது வேவு. பெகாசஸ் என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பீங்க. என்எஸ்ஓ என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் உளவு மென்பொருள். அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்போம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகச் சுமார் 1,400 பேருடைய போன்களைக் குறிவைத்தார்கள். நீங்க போனை எடுக்கக்கூட வேண்டாம், அழைப்பு வந்தாலே போதும். வாட்ஸ்அப் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில், இதற்கு என்எஸ்ஓ பொறுப்பு என்று கலிபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் என்ன நடந்தது? 2021 ஜூலையில் பத்திரிகைகள் அந்தச் செய்தியை வெளியிட்டன. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. அந்தக் குழு 29 போன்களை ஆராய்ந்தது. 5 போன்களில் ஏதோ ஒரு தீங்கு மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றிய அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே சொன்னார்.

இதை நாம் பேசும்போது கவனமாகப் பேசணும். "5 போனில் பெகாசஸ் கண்டுபிடிச்சாங்க" என்று நம் ஆட்களே போஸ்டர் போடுறாங்க. அது தப்பு. எதிர்த்தரப்பு அதைப் பிடிச்சுக்கிட்டு நம்மை முழுப் பொய்யராக்கிவிடும். உண்மையாக நடந்ததே போதுமான அளவு மோசமாக இருக்கிறது. வாங்கினீங்களா இல்லையா என்ற கேள்விக்கு ஒரு அரசாங்கம் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே போதும்.

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன நாடு இது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் தன்னுடைய அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. போதாதென்று அதே சட்டத்தின் மூலம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தாங்க. உங்க தகவல் அரசுக்குத் திறந்து கிடக்கும், அரசின் தகவல் உங்களுக்குக் கிடைக்கிறது குறையும். இதைத்தான் நாம் ஊர் ஊராகப் புரியவைக்கணும்.

சரி, பெகாசஸை நாம் தடுக்க முடியுமா? கிளை அளவில் இருக்கும் நம்மை மாதிரி ஆட்கள் மேல் அவ்வளவு காசு செலவு பண்ண மாட்டாங்க. நம்மைப் பிடிக்க அது தேவையும் இல்லை. நம் வாசல் திறந்துதான் கிடக்கு. எப்படி என்று சொல்றேன்.

"கல்யாணப் பத்திரிகை", "டிராபிக் சலான்", "வாக்காளர் பட்டியல் புதுசு" என்று பேர் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வரும். தொட்டால் ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகும். அது உங்க எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படிக்கும், ஓடிபியும் சேர்த்து. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஏபிகே என்று முடிந்தால் அனுப்பினது சொந்த மச்சானாக இருந்தாலும் தொடாதீங்க. மச்சான் போனும் போயிருக்கலாம்.

"அண்ணே, தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கக் கோட் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்று தெரிந்தவர் நம்பரில் இருந்தே மெசேஜ் வரும். சொன்னால் உங்க வாட்ஸ்அப் அவங்க கைக்குப் போயிரும். நீங்க அட்மினாக இருக்கும் அத்தனை கட்சிக் குழுக்களும் சேர்ந்து போகும். தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி உங்க பேரில் "வேட்பாளர் ஒதுங்கிவிட்டார்" என்று ஒரு மெசேஜ் போனால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்று, அலுவலகக் கம்ப்யூட்டரில், ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்துட்டு அப்படியே வந்துடுறது. உங்க பேச்சு முழுக்க அங்கே ஓடிக்கிட்டே இருக்கும்.

அடுத்து கூடங்குளம். நம்ம ஊர் விஷயம், ஆனால் நம்ம ஆட்களே பாதிப் பேர் மறந்த விஷயம். 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையக் கம்ப்யூட்டரில் தீங்கு மென்பொருள் புகுந்ததாக சமூக வலைதளங்களில் செய்தி வந்தது. 29-ஆம் தேதி நிலையத் தரப்பு மறுப்பு அறிக்கை கொடுத்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படவில்லை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். அடுத்த நாளே, 30-ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்குப் பயன்படும், இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் தீங்கு மென்பொருள் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அதைத் தெரிவித்துவிட்டது என்று. அந்த மென்பொருளின் பெயர் டிடிராக். வட கொரியாவோடு தொடர்புள்ள லாசரஸ் குழுவுடையது என்பது பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணிப்பு.

இதில் இரண்டு பக்கமும் தப்பு நடந்தது. செப்டம்பர் முதல் வாரமே தெரிந்த ஒன்றை, இடிந்தகரை மக்களுக்கும் ராதாபுரம் மக்களுக்கும் அக்டோபர் முடிகிற வரைக்கும் யாரும் சொல்லவில்லை. ட்விட்டரில் வெடித்த பிறகும் முதலில் மறுப்புதான். பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்டதற்காக தேசத்துரோக வழக்கு வாங்கிய மக்கள் அவங்க. அவங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கணும்.

இன்னொரு பக்கம், "அணு உலையையே ஹேக் பண்ணிட்டாங்க, வெடிக்கப் போகுது" என்று யூடியூப்பில் கத்தினவங்க. அலுவலக நெட்வொர்க் வேறு, உலையை இயக்கும் கட்டுப்பாட்டு நெட்வொர்க் வேறு. இரண்டாவதில் எதுவும் புகுந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் தனியாக வைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஈரானில் நதான்ஸ் அணு நிலையமும் இணையத்தோடு இணையாததுதான். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் அங்கே யுஎஸ்பி டிரைவ் மூலம் நுழைந்திருக்கலாம் என்பது நிபுணர்களின் கருத்து. ஆக நாம் கேட்க வேண்டிய கேள்வி "வெடிக்குமா?" இல்லை. "இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் பென்டிரைவ் போகுதா, தணிக்கை செய்வது யார், அந்த அறிக்கை எங்கே?" இப்படிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

இனி சொல்லப் போவது நம்மைப் பற்றி. கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்குங்க.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போச்சு. 60 வயதைத் தாண்டின ஒரு அம்மா, வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு என்று அப்போ ஊரெல்லாம் வாட்ஸ்அப் மெசேஜ் சுத்திக்கிட்டிருந்தது. கூட்டம் கூடிருச்சு. அந்த அம்மாவை அடித்தே கொன்னுட்டாங்க. அடித்ததையும் போனில் வீடியோ எடுத்திருந்தாங்க.

இந்தியா முழுக்க அந்த வருஷம் இப்படிப் பல கொலைகள். அப்போ சுத்தின வீடியோக்களில் ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் வரும் அறிவுரையை வெட்டிவிட்டு அனுப்பினாங்க. அதுக்கு அப்புறம்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வேர்டு பண்ண முடியாது என்ற கட்டுப்பாட்டை 2018 ஜூலையில் வாட்ஸ்அப் அறிவித்தது. நாம இன்னைக்கு "ஏன் அஞ்சு பேருக்கு மேல போக மாட்டேங்குது" என்று சலிச்சுக்கிறோமே, அந்தக் கட்டுப்பாடு இப்படிச் செத்தவங்களால் வந்தது.

2023 மார்ச்சில் என்ன ஆச்சு? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்றாங்க என்று வடக்கே வீடியோக்கள் பரவின. வேற மாநிலத்தில் நடந்த சண்டைகள், சம்பந்தமே இல்லாத பழைய காட்சிகள். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தைக் காட்டி, "உயிருக்குப் பயந்து ஓடுறாங்க" என்றார்கள். நம் காவல்துறைத் தலைவரே வீடியோவில் வந்து மறுக்க வேண்டியதாச்சு. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. அப்போ தமிழ்நாட்டைப் பற்றி இவ்வளவு பெரிய பொய் சொல்றாங்களே என்று நமக்கு ரத்தம் கொதிச்சுது. நியாயமான கோபம்.

ஆனால் அதே நேரத்தில் நம்ம குழுக்களில் வட மாநிலத் தொழிலாளிகளைப் பற்றி என்னென்ன ஓடிச்சு? "வடக்கன்" என்று ஆரம்பிக்கிற மீம்ஸ், எங்கேயோ நடந்த திருட்டை நம்ம ஊர் ஓட்டல்காரப் பையன் தலையில் கட்டுற வீடியோ. அவங்க செஞ்சா வதந்தி, நாம செஞ்சா விழிப்புணர்வா? மாநில உரிமை பேசுற கட்சி நாம. உரிமையைப் பறிக்கிற அதிகாரத்தோடுதான் நமக்குச் சண்டை. செங்கல் சூளையில் நிற்கிற ஆளோட இல்லை.

இன்னும் ஒன்று. நம்மைக் கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபரின் படத்தை எடுத்து, அசிங்கமாக எழுதிப் போடுகிற ஆட்கள் எல்லாக் கட்சி ஆதரவாளர்களிலும் இருக்காங்க. நம்மிலும் இருக்காங்க. கட்சி சொல்லி அவங்க செய்யவில்லை. ஆனால் அவங்க புரொஃபைலில் இருப்பது நம்ம கொடி. அதைப் பார்த்து சிரிக்கிற எமோஜி போடுறவங்களும் அந்த வேலையில் பங்காளிதான். நாளைக்கு நம் வீட்டுப் பொண்ணு கட்சி வேலைக்கு வரணும் என்றால் இந்த இடத்தைச் சுத்தமாக வெச்சிருக்கணும்.

கடைசியாக நம் கையில் இருக்கும் தகவல். வீடு வீடாகப் போய் நாம் எழுதி வாங்குகிறோம். பேர், போன் நம்பர், எந்தத் திட்டத்தில் பணம் வருது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, சில பேர் சாதி வரைக்கும் எக்செல்லில் போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஃபைல் 200 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கிடக்கு. லோன் ஆப் காரனோ, மோசடி கால் சென்டர்காரனோ அதை எடுத்தால், நம்மை நம்பிக் கதவைத் திறந்த அந்த அம்மாவுக்குத்தான் முதல் போன் போகும். ஒன்றிய அரசு நம் தரவை இப்படிக் கையாளுதே என்று மேடையில் பேசிவிட்டு, கீழே இறங்கி நாமும் அதையே செய்தால் யார் நம்புவா?

அதனால் இன்று வகுப்பு முடிந்து போவதற்குள் செய்ய வேண்டியவை:

1. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரு படி சரிபார்ப்பை இப்பவே போடுங்க. பக்கத்தில் இருக்கிற பெரியவருக்கும் போட்டுக் கொடுங்க.

2. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து பாருங்க. தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்க.

3. போனில் நிற்கிற அப்டேட்டைப் போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது போனை அணைத்துப் போடுங்க.

4. வாக்காளர் விவரம் உள்ள எக்செல் ஃபைல்களைக் குழுக்களில் இருந்து நீக்குங்க. ஒன்றியத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு. அவங்களிடம் மட்டும் இருக்கட்டும். சாதி, உடல்நலம் பற்றிய பத்திகளை அழித்துவிடுங்க.

5. எந்த வீடியோவாக இருந்தாலும் எங்கே, எப்போ எடுத்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் கட்சிக் குழுவில் போடாதீங்க. எதிர்க்கட்சித் தலைவரைக் கிழிக்கிற வீடியோவாக இருந்தாலும்தான். அதுக்குத்தான் முக்கியமாகச் சொல்றேன்.

6. பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு வாய்ப்பு. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. வீடியோ காலில் யாரும் யாரையும் கைது பண்ண முடியாது என்பதை உங்க தெருப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்க.

7. கிளைக்கு ஒரு நோட்டு. மறந்துடாதீங்க.

காலையில் கேட்ட அண்ணனுக்கு இப்போ பதில். நம்மிடம் ராணுவ ரகசியம் இல்லைதான் அண்ணே. நம்மிடம் இருப்பது ஊர்க்காரங்க கொடுத்த போன் நம்பரும், அவங்க நம் பேரில் வெச்ச நம்பிக்கையும். அதைத்தான் காப்பாத்தச் சொல்றேன்.

கேள்விகள் இருந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றோம். அடுத்த வகுப்பு எந்த ஒன்றியத்தில் என்பதை மாவட்டப் பொறுப்பாளர் அறிவிப்பார்.